பிரிட்ஜுக்குள் பூக்கிழங்கு

என் அம்மாவுக்கு இரண்டு விஷயங்களில்தான் பயம். ஒன்று, அரசாங்கத்திலிருந்து வரும் மஞ்சள் உறை. மற்றது ஆமை. ஆமை வாசற்படி தாண்டினால் வீட்டுக்குக் கெடுதி என்று அவர் உறுதியாக நம்பினார். பிராங்பேர்ட்டில், நாலாம் மாடியில் இருக்கிற வீட்டுக்குள் ஆமை எப்படி வரும் என்று அப்பா சிரிப்பார். "வாற விதி இருந்தால் லிஃப்டில வரும்" என்பார் அம்மா. அப்படியே வந்தது. லிஃப்டில்தான் வந்தது. கொண்டுவந்த இருவரில் நானும் ஒருத்தி.

அந்த வருடம் சித்தப்பா எங்களுடன் இருந்தார். அப்பாவின் தம்பி. ஊரில் யுத்தம் முடிந்த கையோடு எப்படியோ தப்பி வந்து சேர்ந்தவர். பதிவின்படி அவர் இருக்க வேண்டியது வேறொரு ஊரின் அகதிகள் விடுதியில். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். அகதி வழக்கின் முடிவு வரும்வரை வேலைக்குப் போக அனுமதி இல்லை. பின்னேரம் நாலரைக்கே இருட்டத் தொடங்கிய நாட்களில் அவர் ஒரேயடியாக நித்திரை கொள்ளத் தொடங்கினார். சோபாவை விரித்துக் கொடுத்தாலும் கதவடியில் தரையில்தான் படுப்பார். அந்தக் கதவைச் சாத்தவும் விடமாட்டார். குளிர் உள்ளே வருகிறது என்று அம்மா புறுபுறுப்பார்.

அப்போது எங்கள் வகுப்பில் குளிர்காலத் தூக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. முள்ளெலியும் வௌவாலும் குளிர் வந்ததும் சுருண்டு படுத்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு, வசந்தம் வரை எழும்பாமல் கிடக்கும் என்று டீச்சர் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, சித்தப்பாவுக்கும் அதேதான் என்று அறிவித்தேன். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அப்ப பங்குனிக்கு எழுப்பு பிள்ளை" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆமை, முதலாம் மாடியில் தனியாக இருந்த ஜெர்மன்கார அம்மாவுடையது. அவர் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே கூட இருக்கிறதாம். ஒவ்வொரு குளிர்காலமும் அதை மண்ணும் காய்ந்த இலையும் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, நிலவறையில் அதற்கென்றே வைத்திருந்த சின்ன பிரிட்ஜுக்குள் தூங்கவிடுவார். அந்தத் தடவை அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. வசந்தம் வரை வீட்டில் இருக்க மாட்டார். ஆமையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது, ஜெர்மன்காரரிடம் அறவே வராது. நிலவறைப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு விமான நிலைய வேலைக்குப் போய்விட்டார்.

மொழிபெயர்ப்பாளர் நான். வாரம் ஒருமுறை பிரிட்ஜைத் திறந்து காற்றுப் போகவிட வேண்டும், உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பிவிடக் கூடாது. நடுக்குளிரில் முழித்துவிட்டால் சேர்த்து வைத்திருக்கும் பலமெல்லாம் செலவாகிச் செத்துப்போகும். அந்த அம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் சித்தப்பாவுக்குச் சொன்னேன். வந்த நாளிலிருந்து எதையும் இரண்டாம் தடவை கேட்காத மனிதர், "காத்து எவ்வளவு நேரம் விட வேணுமாம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மார்கழியில் ஒருநாள் நிலவறைக்குப் போனபோது அந்தச் சின்ன பிரிட்ஜ் சத்தமில்லாமல் நின்றது. பழுது. வெப்பமானி ஏறியிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கால் மெல்ல வெளியே வந்து அசைந்தது. நான் அழத் தொடங்கினேன். சித்தப்பா பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் எங்களுக்குத் தெரிந்த பிரிட்ஜ் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

லிஃப்டில் ஏறினோம்.

அம்மா வேலையால் வந்தபோது, கீழ்த்தட்டில் தயிருக்குப் பக்கத்தில் பெட்டி குந்தியிருந்தது. "கீழ்வீட்டு அம்மாவின்ர பூக்கிழங்கு அண்ணி, குளிரில வைச்சாத்தான் வசந்தத்துக்குப் பூக்குமாம்" என்றார் சித்தப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அம்மா, மண்ணைப் போய் பிரிட்ஜுக்குள் வைக்கிற இந்தச் சனத்தை என்ன சொல்வது என்று தலையில் கை வைத்தார். ஆனால் நம்பிவிட்டார்.

அதன்பின் சித்தப்பாவின் நித்திரை குறைந்தது. வாரம் ஒருமுறை என்று சொன்னதை அவர் நாளுக்குப் பலமுறை ஆக்கிக்கொண்டார். பிரிட்ஜைத் திறப்பார், கதவைக் கையால் விசிறிபோல மெல்ல ஆட்டுவார், பெட்டியின் துளையில் காதை வைத்துக் கேட்பார், மூடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வருவார். அம்மா இதைக் கண்டுவிட்டார். தம்பி பசியில்தான் திறந்து திறந்து பார்க்கிறான், கேட்க வெட்கப்படுகிறான் என்று அவருக்கு மனம் உருகிப்போயிற்று. அன்றிலிருந்து ஒரு தட்டில் வடையோ ரோலோ எடுத்து மூடி, பிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். சித்தப்பா அதைத் தொடமாட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தின்று தீர்ப்பேன். "இப்பதான் பெடியன் ஒழுங்காச் சாப்பிடுறான்" என்று அம்மா தொலைபேசியில் எல்லாருக்கும் சொல்லிப் பூரித்தார். நான்தான் கொழுத்துக்கொண்டு போனேன்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் அம்மா பிரிட்ஜைக் கழுவத் தொடங்கினார். பூக்கிழங்குக்கு இவ்வளவு பாரமா என்று மூடியைத் திறந்து, மண்ணை விரலால் விலக்கியிருக்கிறார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"ஆமை! என்ர வீட்டுக்குள்ள ஆமை! கேஸ் முடிவு வாற நேரம் பாத்து, பொங்கலும் அதுவுமா! இப்பவே கொண்டுபோய்ப் பல்கணியில வையுங்கோ!"

பல்கணியில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வெளியே வைத்தால் உறைந்து செத்துப்போகும் என்று நான் கத்தினேன். அப்பா, பெருமாளே எடுத்த அவதாரம் அல்லவா என்று சமாதானம் பேசப் பார்த்தார். "நாங்கள் முருகனைக் கும்பிடுற ஆக்கள்" என்று அம்மா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். பிறகு தானே பெட்டியை எடுக்கக் கையை நீட்டினார்.

சித்தப்பா குறுக்கே வந்து நின்றார். அம்மாவுக்கு மறுபேச்சுப் பேசி அவரை நான் பார்த்ததில்லை.

"அண்ணி, அதுக்கு மூச்சு இருக்கு" என்றார். "மண்ணுக்குள்ள கிடந்தாலும் மூச்சு இருக்கு. நான் காத்துக் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன். கதவைத் திறக்க ஒருநாளும் பிந்தேல்லை அண்ணி."

அம்மாவின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாமியறைக்குப் போய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து, பெட்டியின் மூடியில் மூன்று விரலால் இழுத்துப் பூசினார். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி, தயிரை எடுத்து மேல்தட்டில் வைத்தார். அப்பா சொன்ன அவதாரக் கதை கொஞ்சம் பிந்தி வேலை செய்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை முடிவதற்குள் மஞ்சள் உறை வந்தது. மறுத்துவிட்டார்கள். பால் திரைந்தால்கூட யார் முகத்தில் முழித்தோம் என்று ஆராய்கிற அம்மா, அன்றைக்கு ஆமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பா வழக்கறிஞரைத் தேடி ஓடினார். சித்தப்பா கதவடியில் சுருண்டு படுத்தவர் எழும்பவில்லை. அம்மா குசினிக்குள் போய் பிரிட்ஜைத் திறந்து, கதவை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பங்குனியில் கீழ்வீட்டு அம்மா ஊன்றுகோலுடன் திரும்பி வந்தார். ஒரு தட்டையான பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி ஆமையை இறக்கினார். எல்லாரும் சுற்றிக் குந்தியிருந்தோம். ஆமை கழுத்தை நீட்டி, ஒரு கண்ணைத் திறந்து, தண்ணீர் குடித்தது. சித்தப்பா வாய்விட்டு அழுதார். வளர்ந்த ஆம்பிளை அப்படி அழுது நான் கண்டதில்லை. ஆமையைப் பிரியப் போகிற கவலை என்று நினைத்து, வேண்டுமென்றால் கீழே போய்ப் பார்க்கலாம்தானே என்று தேற்றினேன்.

மேல்முறையீட்டில் அவருக்கு அனுமதி கிடைத்தது. இப்போது பேர்லினில் பஸ் ஓட்டுகிறார். ஆமையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. போன வருடம் நான் தனிவீடு போனபோது, புது பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் மிச்சத்தைச் சொன்னார். யுத்தத்தின் கடைசி நாட்களில் சித்தப்பா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் ஷெல் விழுந்து, சித்தி பதுங்கியிருந்த பங்கர்க் குழியை மண் மூடிவிட்டது. கையால் கிண்டித் திறந்தபோது சித்தியின் உடம்பில் ஒரு காயமும் இல்லையாம். காற்றுத்தான் போதவில்லை.

குளிர்காலத்தில் தூங்கும் பிராணிகள் எல்லாவற்றின் பெயரும் அந்த வயதில் எனக்குப் பாடம். சித்தப்பா என்று ஒருவர் வந்தால், சித்தி என்று ஒருவர் இருந்திருப்பார் என்பது மட்டும் தோன்றவே இல்லை.