பன்சலைக் குசினியில் ஒரு வேதக்காரி

இருட்டினதும் ஜன்னலுக்கு வெளியே சரக், சரக் என்று ஒரு சத்தம். பன்சலைக்கு, அதாவது இந்தப் புத்த விகாரைக்கு, வந்த முதல் கிழமை அது. மகளைக் கட்டிலுக்குப் பின்னால் இருத்திவிட்டு, தோசைக்கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தேன். காவிக்கு மேல் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய பிக்கு படியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாமிமாருக்குச் சமைப்பது லேசான தொழில் என்று சொல்பவர்கள் ஒருநாளும் சமைத்ததில்லை. கோயில், சேர்ச், பன்சலை என்று எந்தக் குசினியில் வேகிறவர்களுக்கும் இது விளங்கும். நான் திருகோணமலை கொன்வென்டில் படித்த வேதக்காரி. பிள்ளையின் தகப்பனுடைய அடிக்குப் பயந்து, இந்தப் பனி நாட்டில் எங்கள் தமிழாட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீட்டை விட்டு இறங்கியபோது, எங்கள் ஆட்களில் அவருக்குத் தெரியாத வீடு இருக்கவில்லை. அவர் தேட நினைக்காத இடம் சிங்கள ஆட்களின் விகாரைதான் என்று கணக்குப் போட்டேன். சமையல் வேலையும் கீழறையும் கிடைத்தன. பயம் போகவில்லை. திரும்பிப் போவதில்லை என்ற முடிவும் போகவில்லை.

ஆறிய சோறு

மேசையை விரி, மணி அடி, விலகி நில். சாமிமாருக்குச் சாப்பாடு வைக்க கொன்வென்ட் சிஸ்டர்மார் எங்களுக்குப் பழக்கியது அது. முதல் நாள் அப்படியே சோறு, பருப்பு, சம்பல் எல்லாம் பரப்பி வைத்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பெரிய பிக்குவும் சின்ன பிக்குவும் ஆறிய சோற்றின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். தியானமாக்கும் என்று பூனைநடை நடந்தேன். பிக்குமார் தாங்களாக எதையும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள், ஒருவர் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சின்ன பிக்கு ஒற்றைக் கண்ணைத் திறந்து சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இது தியானம் இல்லை, பசி."

பன்னிரண்டு எப்போது?

மத்தியானம் தாண்டினால் பிக்குமார் வாயில் சோறு படாது. இந்த நாட்டில் மார்ச்சில் எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற ஞாயிறு, சாப்பாட்டுத் தானம் கொடுக்க வேண்டிய, புரோசார்ட் பக்கமிருந்து வரும் சிங்களக் குடும்பம் அதை மறந்துவிட்டது. பன்னிரண்டரைக்குச் சட்டி பானையோடு வந்து சுவர் மணிக்கூட்டைக் கண்டதும், அந்த அம்மா வாசலிலேயே அழத் தொடங்கினா. செத்துப்போன தாயின் பேரில் கொடுக்கிற தானம். பெரிய பிக்கு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், தன் நிழலைப் பார்த்துவிட்டு வந்து சிங்களத்தில் சொன்னார்: "அழாதேங்கோ. அரசாங்கம் மாத்தினது மணிக்கூட்டை. சூரியனுக்கு இன்னும் ஆரும் சொல்லேல்ல."

தெருக்கதவு

வளர்ந்த ஆம்பிளை ஒருவர் துணைக்கு இல்லாமல், பூட்டிய கதவுக்குள் ஒரு பெண்ணோடு பிக்கு இருக்கக் கூடாது. அது அவர்களின் விதி. அதனால் பெரிய பிக்கு குசினிக்குள் வந்தாலே தெருக்கதவை மலரத் திறந்துவிடுவார். குளிருக்கு நடுங்கியதைவிட, அந்தத் திறந்த கதவுக்குத்தான் நான் அதிகம் நடுங்கினேன்.

போன கிழமை ஒரு பின்னேரம், சின்ன பிக்கு வெளியே போயிருந்தார். பெரிய பிக்கு குசினிக்குள் வந்திருந்ததால் தெருக்கதவு மலரத் திறந்து கிடந்தது. கதவுக்கு நேரே ரோட்டில் பிள்ளையின் தகப்பன் நின்றார். யார் சொன்னதோ தெரியாது. பிள்ளையைத் தா என்று கத்திக்கொண்டு வந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போன் அடித்தேன். பெரிய பிக்கு கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாக்கெட்டும் போடாமல் வெளியே போனார். உள்ளுக்குப் பூட்டு என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். என் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. ஒரு சாமியைப் பனியில் விட்டுவிட்டு எப்படிப் பூட்டுவது? அப்போது வெளியே அவர் குரல் கேட்டது, திருகோணமலையில் இருந்த காலத்தில் பழகிய தமிழில்: "தம்பி, உள்ளுக்கு ஒரு பொம்பிளை. அதால நானே வெளியில நிக்கிறன். நீர் எப்பிடிப் போவீர்?"

சாமிமாரை வாசலில் நிற்க வைப்பது பாவம் என்றுதான் கொன்வென்டில் படித்தேன். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.