தவுக்கே எடுத்துப்போன தட்டு

இந்த மலாய் நாட்டில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அதற்கென்றே ஆணியும் சுத்தியலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். டொக் டொக்கென்று இரண்டு அடி. பிறகு நாம் அதைச் சாயாமல் சிந்தாமல், கோயிலுக்கு விளக்கு எடுத்துப்போகிற பக்தியோடு வீடுவரை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் கதை விடுவதாகத் தோன்றலாம். இங்கே அவசரகாலம் நடக்கிறது. காட்டுக்குள் இருந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொருள் போய்ச் சேரக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுப்போகும், யாரும் சேர்த்துவைத்து அனுப்ப முடியாது. தோட்டத்து கேட்டில் சோதனை உண்டு. வெளியே போகிறவர் மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் வழக்குத்தான். புதிதில் எனக்குச் சிரிப்பாக வந்தது. இப்போது ஓட்டையில்லாத டின்னைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.

கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். சொந்த ஊர் முசிறிப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் நான் முன்னால் வந்துவிட்டேன், என் மனைவி காமாட்சி பின்னால் கப்பலேறி வந்தாள். அவள் வந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்துக்கு இன்னொரு உத்தரவும் வந்தது. வீட்டில் யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது. பெரிய கொட்டகையில் எல்லோருக்கும் சேர்த்துச் சோறாக்கி அளந்து கொடுப்பார்கள். விடிகாலையில் வாங்கி வந்த சோறு, நான் பள்ளி முடிந்து வரும்போது விறைத்துக் கிடக்கும். குழம்பு வைக்கத் தடையில்லை, காமாட்சியும் வைத்தாள். ஆனால் அந்தச் சோற்றைக் கிளறும்போதே அவள் முகம் சுருங்கிவிடும். என் இலையில் நான் மிச்சம் வைத்ததை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். அவள் ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒருநாள் கேட்டாள்:

"உலை கொதிக்கிற சத்தமே இல்லாத வீட்ல எனக்கு என்னங்க வேலை?"

பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் தன் குடும்பத்தை ஊருக்கு அனுப்புவதாக இருந்தார். அவர்களோடு நானும் போய்விடுகிறேன் என்று காமாட்சி சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அவள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் தனியாக இருந்த எனக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். சனிக்கிழமை மண்டோர் என்னை வழியில் பிடித்து நிறுத்தினார்.

"திங்கக்கெழம டிக்கெட் எடுக்கப் போறேன் வாத்தியாரே. வீட்டம்மா வர்றாங்களா இல்லையான்னு நாளைக்குள்ள சொல்லிடுங்க லா."

மறுநாள் ஞாயிறு. மிச்சமிருந்தது அந்த ஒரு பகல்தான். பட்டணத்தைக் காட்டினால் மனம் மாறும் என்று நினைத்தேன். கேட்டில் ஒரு பெண் வந்து காமாட்சியின் சுருக்குப் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சீப்பும் கைக்குட்டையும் விழுந்தன. காமாட்சி குனிந்து அவற்றைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோல சிலாங்கூரில் ஆற்றோரமாக ஒரு ஹைனான் சீனர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். பளிங்கு மேசை, தலைக்கு மேல் காற்றாடி. அந்தக் கடையில் வெள்ளைக்காரர்கள் தின்கிற சிக்கன் சாப் கிடைக்கும், மலாய்க்காரர்களின் மீ கோரிங் கிடைக்கும், சீன சூப் கிடைக்கும், நம்முடைய கறியும் கிடைக்கும். எல்லாம் ஒரே அடுப்படியில் ஒரே மனிதரின் கைவேலை. முன்பு ஏதோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்தாராம். முதலாளியும் அவர்தான், தட்டு எடுக்கிறவரும் அவர்தான். எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவார்கள்.

என் பவிசைக் காட்ட வேண்டாமா? சிக்கன் சாப் இரண்டு என்று ஆரம்பித்தேன். காமாட்சி தடுத்துவிட்டாள்.

"ஒண்ணு போதும். நீங்க சாப்பிட்டு வைங்க, நான் அதுல சாப்பிட்டுக்கறேன்."

நாலு பேர் பார்க்கிற இடத்திலா என்று கேட்டேன். புருஷன் சாப்பிடும் முன்னால் நாலு பேர் பார்க்கத் தான் சாப்பிடுவதுதான் அசிங்கம் என்றாள். அதற்குமேல் வாதம் எடுபடாது. என் அப்பா சாப்பிடும்போது அப்பளத்தில் பாதியை உடைத்து அம்மாவுக்கென்று இலையோரம் ஒதுக்கிவைப்பார். நானும் அப்படியே, கோழியில் நல்ல சதையாக இருந்த பாதியையும் உருளைக்கிழங்கு முழுவதையும் அவளுக்கு ஒதுக்கினேன். கத்தியால் நான் அறுத்த அறுப்பில் பட்டாணி எல்லாம் மேசையில் ஓடியது தனிக் கதை. கத்தியையும் முள்கரண்டியையும் கண்டபடி போடக் கூடாது, ஒன்றாகச் சேர்த்துத் தட்டின்மேல் வைப்பதுதான் நாகரிகம் என்று எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எப்போதோ சொல்லியிருந்தார். அப்படியே அழகாகச் சேர்த்துவைத்துவிட்டு, தட்டை அவள் பக்கம் தள்ளுவதற்குமுன் வாய் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். பக்கத்தில் வந்த தவுக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கத்தியும் முள்ளும் சேர்ந்து கிடந்தால் சாப்பாடு முடிந்தது, தட்டை எடுத்துக்கொள் என்று அர்த்தமாம். கிராணி அதைச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து தயாராக உட்கார்ந்திருந்த காமாட்சி வெறும் மேசையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து தட்டுக்குப் பின்னாலேயே நடந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அதற்குள் என் சிக்கன் சாப் எச்சில் வாளிக்குள் போயிருந்தது.

தவுக்கே பயந்துபோய், "தாக் செடாப்?" என்று மலாயில் கேட்டார். ருசியாக இல்லையா என்கிறார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், அது என் மனைவிக்கு வைத்த பங்கு, அவள் என் தட்டில்தான் சாப்பிடுவாள் என்று விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு தட்டுக்குக் காசில்லை என்று முடிவுகட்டிவிட்டார் போலிருக்கிறது. காசு வேண்டாம், இன்னொன்று தருகிறேன் என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காசு இருக்கிறது, இது எங்கள் வழக்கம் என்றேன். என்ன வழக்கமோ என்று அவர் தலையைச் சொறிந்தார்.

இந்த வழக்காடல் எதுவும் காமாட்சியின் காதில் ஏறவில்லை. அடுப்பில் பெரிய அலுமினியப் பானையில் சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் போய் நின்று ஆவியில் முகத்தைக் காட்டினாள். எத்தனையோ நாளாக நான் பார்க்காத முகம் அது. தவுக்கேவுக்கு என்ன புரிந்ததோ, என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். பதம் பார்த்து இறக்கி, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, பீங்கான் தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, பக்கத்தில் கறியையும் ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். சாப்பிடு என்றேன். கல்யாணமாகி முதல்முறையாக, என் எச்சில் படாத தட்டில் என் கண்ணெதிரே அவள் சாப்பிட்டாள். சூட்டில் விரலை உதறிக்கொண்டு, ஊதி ஊதி, பசித்த பிள்ளையைப் போலச் சாப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். கறியில் புளி இல்லை, என்னமோ மாதிரி இருக்கிறது என்று குறையும் சொன்னாள். குறை சொல்கிறாளே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் சீனர் குவித்தது மலை. முக்கால்வாசி போனதும் அவளால் முடியவில்லை. சோற்றை எச்சில் வாளியில் கொட்ட அவளுக்கு மனம் வராது. பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம் என்றால், சமைத்த சோறு ஒரு பருக்கை கடைவாசலைத் தாண்டக் கூடாது. தட்டை மெதுவாக என் பக்கம் நீட்டினாள்.

"உங்களுக்கும் அரை வயிறுதானே. இத சாப்பிட்டுருங்க."

அரை சிக்கன் சாப்பில் எந்த வயிறு நிறையும்? நின்றபடியே மனைவி வைத்த மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டேன். முசிறியில் யாராவது பார்த்திருந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கு வந்தபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். தவுக்கே எங்களைப் பார்த்து, இதுதான் அந்த வழக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, மண்டோரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடைக்குப் போகலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். மண்டோர் குடும்பம் தனியாகத்தான் கப்பலேறியது.

அந்தக் கடைக்கு நாங்கள் பல ஞாயிறுகள் போனோம். இப்போது எங்கள் தோட்டத்தில் உத்தரவு தளர்ந்து வீட்டிலேயே உலை வைக்கிறோம். காமாட்சி சூட்டோடு முதலில் சாப்பிட்டு மிச்சம் வைப்பாள், பள்ளி விட்டு வந்து நான் அதே தட்டில் சாப்பிடுவேன். யாரும் தீர்மானம் போடவில்லை, அப்படியே ஆகிவிட்டது. சமீபத்தில் இருவரும் லீவில் முசிறிக்குப் போய்வந்தோம். அங்கே அம்மா இலை போட்டதும் நான் உட்கார்ந்தேன். காமாட்சி எனக்குப் பின்னால் நின்று பரிமாறிவிட்டு, என் இலையில் சாப்பிட்டாள். எங்கள் புது வழக்கத்தைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை. அப்பளத்தில் பாதியை நான் ஒதுக்கிவைத்தேன்.

திரும்பும்போது நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் சிக்கல் வந்தது. இருவருக்கும் ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு, யார் முதலில் கைவைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். கரை மறையும்வரை அவள் என்னை முதலில் சாப்பிடச் சொன்னாள். நடுக்கடலில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட்டோம், யாரும் மிச்சம் வைக்கவில்லை. கப்பல் கரைசேரும் பினாங்கின் மலை கண்ணுக்குத் தெரிந்த காலையில், காமாட்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.