புகை குடித்தவர்களின் நட்டஈடு

நட்டஈட்டு வேலை பார்ப்பவனைத் தேடி, நலமாயிருக்கிற மனிதர் யாரும் வருவதில்லை. காப்புறுதிக் கம்பனிக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே தலை நரைத்த அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேணில், தீயணைப்புப் படையினரின் தொழிற்சங்க அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை. கடமையில் காயப்பட்டவர்களுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பேன். கால் முறிந்தவர், கை வெந்தவர் என்றால் சிக்கலில்லை. புற்றுநோயோடு ஒருவர் வந்தபோதுதான் நான் என்ன உத்தியோகத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு விளங்கியது.

காயப்பட்ட திகதி

அவர் பெயர் டெஸ். மெல்பேணின் புறநகரான டண்டினொங் பக்கத்து நிலையத்தில் தீயணைப்பு வீரர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. மூத்திரப்பையில் புற்றுநோய், கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள், சிகிச்சை இன்னும் முடியவில்லை. சுகயீன லீவு முடிகிற நிலையில் இருந்தது. வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் வைத்தியமும் சம்பளமும் சட்டத்தின் பொறுப்பு. இல்லையென்றால் டெஸ்ஸும் மனைவி மோரீனும் இரண்டு பெண்பிள்ளைகளும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சண்முகநாதன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாது. 'நேதன்' என்று சுருக்கிவிட்டார். "காயம் ஏற்பட்ட திகதி என்ன?" என்று கேட்டேன். விண்ணப்பத்தில் அப்படித்தான் இருந்தது. கேட்ட பிறகுதான் கேள்வியின் மடத்தனம் எனக்கு உறைத்தது. டெஸ் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "எத்தனையோ நெருப்பு, நேதன். ஒண்டாவது என்னட்டை வந்து, நான்தான் உனக்கு நோய் தரப்போறன் எண்டு சொல்லேல்லை."

நீலத் தலையணை

ஒரு நெருப்பை மோரீன்தான் ஞாபகப்படுத்தினார். சில வருடங்களுக்கு முன் டண்டினொங்கில் ஒரு சாயக் களஞ்சியம் எரிந்தது. டெஸ்ஸின் குழு பகல் முழுக்க உள்ளே நின்றது. அதன் பிறகு பல நாளாக அவருடைய வியர்வை நீலமாக வந்ததாம். தலையணை உறை, பனியன் எல்லாம் நீலம். சாயத் தொழிற்சாலை வேலையாட்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருவது வைத்திய உலகத்துக்குப் பழைய செய்தி என்று, சங்கத்தின் சார்பில் டெஸ்ஸைச் சோதித்த எங்கள் டொக்டர் சொல்லியிருந்ததால், நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன்.

"அந்த உறை இப்ப எங்கே?" என்று ஆவலோடு கேட்டேன். மோரீன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறை எண்டால் வெளுக்கிறதுதானே நேதன், ஆராவது அதைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பினமே?"

இலவசப் புகை

காப்புறுதிக் கம்பனியின் டொக்டரிடம் டெஸ்ஸை நானே காரில் கூட்டிப்போனேன். முதல் கேள்வி, "சிகரெட் குடிப்பீரா?" டெஸ் இல்லை என்றார். "எப்போதாவது?" இல்லை. "பட்டாளத்தில்?" அங்கேயும் இல்லை. டொக்டர் பேனாவை மூடவில்லை. எந்தப் புகையையுமே குடித்ததில்லையா என்று மறுபடி கேட்டார். டெஸ் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "குடிச்சிருக்கிறன் டொக்டர், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, காசு குடுத்துத்தான் குடிச்சதில்லை."

பீற்றூட் கறி

கம்பனியின் பதில் வந்தது. புகை போனது நெஞ்சுக்குள். நோய் வந்ததோ மூத்திரப்பையில். இரண்டுக்கும் என்ன தொடர்பு? நல்ல கேள்விபோலவே எனக்கும் பட்டது. அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. டெஸ்ஸின் பிள்ளைகளின் முகம்தான் முன்னால் நின்றது.

என் மனைவி பத்மா என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் குசினிக்குள் இருந்தபடியே பதில் தந்தாள்: "இந்தப் பீற்றூட் கறி உங்கட வாய்க்குள்ளதானே போகுது, விடிய எங்க சிவப்பா வருகுது?" எங்கள் சட்டத்தரணி இதைக் கேட்டு மேசையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, எங்கள் டொக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடும்போது இதே வரிசையில் கேட்பதாகச் சொன்னார்.

ஜாக் எழும்பினார்

விசாரணையன்று எங்கள் டொக்டர் நன்றாகவே சொன்னார். மூச்சோடு போன சாயம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிந்து, மூத்திரப்பையில் தங்குகிறது என்று விளக்கினார். உடனே கம்பனியின் சட்டத்தரணி வேறு பக்கத்தால் வந்தார். "அந்த நெருப்புக்குப் போன வண்டியில் சுவாசக் கருவி இருந்ததா?" இருந்தது என்றார் டெஸ். "ஏன் போடவில்லை?" டெஸ் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே பாதுகாப்பை மீறினார் என்று நிறுவிவிட்டால் சட்டம் கையை விரித்துவிடும். டெஸ் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தன் அதிகாரியைக் காட்டிக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

அந்த அதிகாரி ஜாக் ஓய்வுபெற்றவர். சாட்சி சொல்ல வரச்சொல்லி நான் அவர் வீட்டுக்குப் போனபோது முகத்தில் அடித்தமாதிரிக் கதவைச் சாத்தியவர். ஆனால் அன்று கடைசி வரிசையில், கோட் சூட்டோடு, அழைப்பில்லாமல் வந்து இருந்தார். எழும்பினார். எங்கள் சட்டத்தரணி ஒரு கணமும் தாமதிக்காமல் அவரைச் சாட்சியாக அழைக்க அனுமதி கேட்டார்.

கூண்டில் ஏறிய ஜாக் கம்பனிக்காரரைப் பார்க்கவில்லை, டெஸ்ஸைத்தான் பார்த்தார். "கருவி போட்டவனைப் பெட்டை எண்டு பகிடி பண்ணின ஆள் நான். அண்டைக்கு, அதை வண்டியிலயே விட்டிட்டு வா எண்டு சொன்னதும் நான்தான். என்ர சொல்லைக் கேட்டதுதான் இவன் செய்த பிழை."

ரை கட்டிய தூதுவன்

முடிவு சட்டத்தரணி மூலம் ஒரு காலை வேளையில் எனக்கு வந்தது. தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் காரை எடுத்துக்கொண்டு டெஸ் வீட்டுக்கே போனேன். மோரீன் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த துவாயோடு புல்லில் அப்படியே இருந்துவிட்டார். டெஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "ஏற்றுக்கொண்டு விட்டார்கள்," என்றேன். "வைத்தியம், சம்பளம், எல்லாம்."

டெஸ் உடுப்புக் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு நடந்த பரிசோதனைகளிலும் கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. மோரீன்தான் முதலில் தெளிந்தார். துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்மீது பாய்ந்தார்: "நல்ல செய்தி எண்டால் ஏன் மனுசா, செத்த வீட்டுக்கு வாறமாதிரிக் கழுத்தில ரை கட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

எரிகிற கட்டடத்துக்குள் ஓட ஒரு மணிச்சத்தம் போதும், அன்பர்களே. ஓடியதால்தான் நோய் வந்தது என்று ஒப்புக்கொள்ள வைக்கத்தான் ஒரு டொக்டரும், இரண்டு சட்டத்தரணிகளும், ஒரு பீற்றூட் கறியும் வேண்டியிருக்கிறது.