அடுப்புக்குப் பூசிய சுண்ணாம்பு

என் அண்ணன் சின்னுசாமியைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இது அவன் கதையும் இல்லை. அவன் பெண்டாட்டி கண்ணாயியின் கதை. எங்கள் மலையிலேயே பெரக்கரை நாட்டில் பிறந்து பக்கத்துத் திருப்புலி நாட்டுக்கு வாழ வந்தவள், எனக்கு அண்ணி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். அங்கே என்ன வேகிறது என்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும். இங்கே என்ன சண்டை என்று அவள் காதுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தால் சோளக்காடு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். கேட்கட்டும். அண்ணிக்குக் கோபம் வந்தால் சத்தமே வராது. பாத்திரமெல்லாம் பளபளக்கும், பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்குவாள். அதைப் பார்த்துவிட்டு அண்ணன், "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கறா" என்பான். இவனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

காய்கறி வாங்கவென்று அவள் சந்தைக்குப் போய் நான் பார்த்ததில்லை. சந்தைக்கு அவள் போவது விற்பதற்குத்தான். பழைய சேலையைக் கிழித்துத் திரித்து அவரைப் பந்தலுக்குக் கயிறாக்குவாள். ரேஷன் அரிசி வந்த சாக்கில் மண் நிரப்பி இஞ்சி நடுவாள். சுண்டைக்காயை மோரில் ஊறவைத்துக் காயப்போட்டுக்கொள்வாள். கீரையின் இலை ஒரு நாளைக்கு, தண்டு மறுநாளைக்கு. ஊரில் சிலர் இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள்தான் அடைமழையில் ரோடு சரிந்து பஸ் வராத நாளில் கிண்ணத்தோடு அவள் வாசலில் வந்து நின்றவர்கள். பெயர் சொல்ல ஆரம்பித்தேன் என்றால் பாதி ஊர் என்னோடு பேசாது. இப்போதே கால்வாசி ஊர் பேசுவதில்லை.

அவள் சமையலுக்கெல்லாம் முதல் அடுப்படிக்குப் பின்னால் நிற்கிற பலா மரம். பிஞ்சைக் கொத்திக் கொள்ளோடு சேர்த்துப் பொரிப்பாள். பழுத்தால் சுளை எங்களுக்கு, சக்கையும் தோலும் மாட்டுக்கு. வெட்டும்போது கத்தியில் ஒட்டுகிற பாலைக்கூட விடமாட்டாள். குச்சியில் சுற்றி வைத்திருந்து, சூடுகாட்டி, ஓட்டை விழுந்த சட்டியை அடைப்பாள். கொட்டையெல்லாம் ஒரு பழைய பானைக்குப் போகும். ஒரு வரிசை கொட்டை, ஒரு வரிசை காய்ந்த மணல். அந்தப் பானைதான் ஐப்பசி கார்த்திகை மழைக்குக் குழம்பு.

எங்கள் பக்கத்தில் அடுப்படிப் பலாவை ஊட்டு மரம், அதாவது வீட்டு மரம், என்போம். காட்டில் எத்தனை மரம் இருந்தாலும் ஆண்கள் பார்த்து வியாபாரிக்குக் கொடுப்பார்கள். அடுப்படி மரம் மட்டும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. புது மருமகள் வந்த வருடம், முதல் பிஞ்சை அவள் கையால் பறித்துச் சமைத்துப் போட வேண்டும். அன்றிலிருந்து அந்த மரத்தில் ஒரு கிளை வெட்டுவதானாலும் அவளைக் கேட்க வேண்டும். அண்ணி பறித்த அன்று நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றவன் என் அண்ணன். தின்றதாவது ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா?

இந்த வருடம் காட்டுப்பன்றி புகுந்து மரவள்ளி மொத்தத்தையும் கிளறிப் போட்டுவிட்டது. காற்றில் அவரைப் பந்தலும் சாய்ந்தது. "போகட்டும் வாணி, ஊட்டு மரம் நெறையக் காய்ச்சிருக்குது. கொட்டையை வெச்சே மழைக்காலத்தை ஓட்டிடலாம்" என்றாள் அண்ணி. கூடுதலாக ஒரு பானைக்கும் மணல் சலித்துக் காயவைத்திருந்தாள்.

ஆனி மாதம் அவள் தம்பி மகனுக்குக் காது குத்து. பெரக்கரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மரத்தின் இடுப்பைச் சுற்றி, கையகலத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்புப் பட்டை.

அந்தப் பட்டைக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரி வந்து, மரம் பார்த்து, பேசி முடித்து, பட்டை பூசிவிட்டுப் போவார். இரண்டு நாளோ பத்து நாளோ கழித்து வண்டியோடு வந்து பழத்தை வெட்டிக்கொள்வார். அதுவரை அந்தப் பழத்தை யாரும் தொட மாட்டார்கள். தானாக விழுந்தால்கூட இலையைப் போட்டு மூடி மரத்தடியில் வைத்துவிடுவோம். மலை முழுக்கக் காவல் இல்லாமல் வியாபாரம் நடப்பது அந்தப் பட்டையால்தான்.

"ஏனுங்க, ஊட்டு மரத்துல எதுக்குங்க சுண்ணாம்பு?" என்று அண்ணி கேட்டது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

கட்டிலில் போனை நோண்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவே இல்லை. "யாவாரி பாயி வந்திருந்தாரு. வண்டிக்கு லோடு பத்தலைன்னாரு. அதையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்."

"அது என் மரமுங்க."

"மரத்துல என்ன உன்னுது என்னுது? பட்டா என் பேர்லதான இருக்குது."

"அப்ப மழைக்கு என்னங்க பண்றது?"

"கடையில இல்லாததா? வாங்கிக்கலாம்."

கடையில வாங்கிக்கலாமாம். ஐப்பசி மழையில் சோளக்காட்டுக்கு நடந்து போய் அழுகல் தக்காளி வாங்கி வருவது யார், இவனா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலியைத் தாண்டிப் போய் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மரம் நட்டவன் இவனா, தண்ணீர் ஊற்றியவன் இவனா, ஒரு கொட்டையையாவது உரித்திருக்கிறானா என்று கேட்டேன். அவன் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். அண்ணிதான் என் கையைப் பிடித்து, "நீ ஊட்டுக்குப் போ கண்ணு" என்றாள். அவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் புகை வரவில்லை. என்னவோ ஏதோ என்று ஓடினேன். அடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை. கேஸ் அடுப்புக்கும் பட்டை. அம்மிக்கல், சோத்துப் பானை, குழம்புச் சட்டி, தண்ணீர்க் குடம், அகப்பை, எல்லாவற்றிலும் கையகலத்துக்குச் சுண்ணாம்பு. பொங்கலுக்குச் சுவர் அடித்து மிஞ்சியதைக் கரைத்துப் பூசியிருக்கிறாள். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து பழைய சேலையைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பல் விளக்கிவிட்டு வந்தான். "என்னடி கூத்து இது?"

"எல்லாம் வித்தாச்சுங்க" என்றாள். "பட்டை பூசினதை நாம தொடக் கூடாதுங்களே. நீங்களே சொல்லுவீங்க."

"வெளையாடறியா? சோத்தைப் போடு."

"அடுப்பு உங்க பேர்லதான இருக்குதுங்க. நீங்க வேணா அழிச்சுட்டுப் பத்த வெச்சுக்கங்க."

அங்கேதான் அவன் வசமாக மாட்டிக்கொண்டான். ஒரு ஈரத்துணி போதும், துடைத்துவிடலாம். ஆனால் அதற்குள் பாதி ஊர் வேலி ஓரமாக வந்து நின்றுவிட்டது. பட்டையைத் தொடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவன் இவன். போன வருடம் பட்டை போட்ட மரத்தில் ஒரு சுளை எடுத்துவிட்டான் என்று ராசப்பன் மகனைக் கோயில் முன்னால் நிறுத்தி, அபராதம் போட வைத்தவனே இவன்தான். இன்றைக்கு இவன் கையால் ஒரு பட்டையை அழித்தால், நாளைக்கு இவன் காட்டு மரத்தில் ஏறுகிறவனை என்ன சொல்லித் தடுப்பான்? நின்று பார்த்தான். கறுவினான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் பரோட்டா தின்னப் போய்விட்டான்.

சாயங்காலம் பசியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். "வாணி, கொஞ்சம் சோறு இருந்தா போடு."

"எங்க ஊட்டுச் சட்டிக்கும் பூசியாச்சு, போ" என்றேன். கூடப்பிறந்தவன்தான். வயிறு காயட்டும் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அண்ணி அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட்டாள். நான் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குப் பழம் போனதுகூடப் பெருசில்லை வாணி. ஒரு வார்த்தை கேக்கலை பாரு" என்றாள். என் பாத்திரத்தையும் சேர்த்துப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த நாள் வியாபாரி ஜமால் முகமது பிக்கப் வண்டியோடு வந்துவிட்டார். அடிவாரத்து ஊர்க்காரர். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் மலையில் பலாவும் மிளகும் எடுக்கிறவர்கள். மரம் ஏற இரண்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு அவர் மேலும் கோபம்தான். வண்டி நின்றதும் முன்னால் போய், "ஏனுங்க பாய், அடுப்படி மரம்னு தெரியாதுங்களா உங்களுக்கு? இத்தன வருசமா மலையேறி என்னத்தக் கத்துக்கிட்டீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் திறந்திருந்த கதவு வழியாக அடுப்பையும் பானையையும் பார்த்தார். சுண்ணாம்பைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, இதெல்லாம் நீங்க பூசினதுங்களா?"

"நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதானுங்க பாய்" என்றாள் அண்ணி. "மரத்தோட அடுப்பையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. இனி இங்க அதுக்கு வேலை இல்லீங்க."

பாய் அண்ணன் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேனே சின்னுசாமி. அடுப்படி மரமாச்சே, அம்மாகிட்டக் கேட்டீங்களான்னு. அவதான் சேத்துக் குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்கறான்னு நீங்க சொல்லித்தான நான் பூசினேன்?"

மரம் ஏற வந்தவர்கள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது.

அண்ணி எழுந்தாள். திரித்துக்கொண்டிருந்த கயிற்றைச் சுருட்டிப் படியில் வைத்தாள். அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பட்டா உங்க பேர்லன்னீங்களே. அப்பறம் எதுக்குங்க என் பேரைச் சொன்னீங்க? என்னைக் கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குது. கேட்டா இல்லைம்பேன்னும் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுதான நான் சொன்னதா நீங்களே சொல்லிக்கிட்டீங்க? நான் இல்லாத அன்னிக்கு என் வாயையும் சேத்து வித்துட்டீங்களே."

அண்ணன், "அது வந்து, லோடு..." என்று எதையோ ஆரம்பித்தான்.

"இந்த மரம் எனக்கு வேண்டாம்" என்றார் பாய். "குடுக்கறவங்க குடுக்காத பழத்தை எடுத்தா எங்க ஊட்டுக்காரி பாத்திமாகூட ஒத்துக்க மாட்டா. பூசச் சொன்ன கையாலயே அழிச்சுருங்க சின்னுசாமி." பிறகு காட்டுப் பக்கம் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டார். "இப்ப எனக்கு இன்னொரு சங்கடம். மத்த மரமெல்லாமும் உங்க வாயை நம்பிப் பேசினதுதான். இனி யாரு பேச்சை நம்பி நான் மலையேறுவேன்?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள். "என்கிட்டக் கேளுங்க பாய்."

"ஊட்டு மரத்துக்குங்களா?"

"எல்லா மரத்துக்குந்தானுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேலி ஓரத்தில் நின்ற ஊரைப் பார்த்தான். அங்கே ராசப்பனும் நின்றிருந்தான். ஒருவரும் அண்ணனுக்காகப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

அவன் தேங்காய் நாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய் மரத்தடியில் குத்தவைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். மரத்தின் சொரசொரப்பில் சுண்ணாம்பு நன்றாக இறங்கியிருந்தது. லேசில் போகவில்லை. தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பாய் அவன் பக்கம் போகவில்லை. அண்ணியிடம் வந்து, "அப்ப மேக்கால இருக்கற மரத்துல பழம் வெட்டலாமுங்களா அம்மா?" என்று கேட்டார்.

"வாங்க, பாத்துச் சொல்றேன்" என்று அவள் காட்டுக்குள் இறங்கினாள். அவர் பின்னால் போனார். ஒவ்வொரு மரமாக நின்று, எட்டிய பழத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, இது ஆகட்டும், இது இன்னும் நாலு நாள் கிடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்னதை மட்டும்தான் வெட்டினார்கள்.