கேட்டு மூட்றான்

நர்சிங் படித்து முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்பியிருந்தேன். திருவொற்றியூரில் எனக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரி அப்படி நம்பவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டாயப் பயிற்சியில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். அப்பா வேலை பார்த்த இரும்பு ஃபவுண்டரி, கேட்டைப் பூட்டி ஆட்களை வெளியே நிறுத்தியிருந்த காலம் அது. அம்மாவோ எனக்கு வேலை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டாள். தேறாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

பயிற்சி தர அடையாறு பக்கத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். நல்லவர்தான். எங்கள் ஊர்க் காற்றை முகர்ந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனவர், அதற்கப்புறம் இறக்கவேயில்லை. கை கழுவச் சொல்லிக் கொடுத்தார். காலில்லாத ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கச் சொன்னார்; நான் அமுக்கிய வேகத்துக்கு, இருந்த உயிரும் போயிருக்கும். நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு மத்தியானம் முழுக்க வகுப்பு. "இன்னா, கீது, இதெல்லாம் வார்டுல கேட்கவே கூடாது" என்றார். சரி மேடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினோம்.

கடைசிப் பரீட்சை, தீ விபத்து ஒத்திகை. மேடம் வராந்தாவில் நின்று கைச்சைரனைச் சுற்றுவார். ஆண்கள் வார்டில் நடக்க முடிந்தவர்களை மட்டும் நான் பதற்றமில்லாமல் தெருவுக்குக் கூட்டிப்போக வேண்டும். முன்கூட்டி அவர்களிடம் மூச்சு விடக் கூடாது.

பன்னிரண்டு மணி வாக்கில் சைரன் அலறியது. வார்டில் ஒருவரும் அசையவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பெரியவர், "சங்கு வுட்டுட்டான்பா" என்று தூக்குச்சட்டியைத் திறந்தார். பக்கத்துக் கட்டில்காரர் கை கழுவ எழுந்தார். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் ஃபேக்டரிச் சங்கு. மத்தியானம் ஊதினால் சோறு, அவ்வளவுதான். அவர்களைச் சொல்வானேன், நானே முதல் காரியமாக மணிக்கட்டைத் திருப்பிக் கடிகார முள்ளைச் சரிசெய்தேன். நிமிர்ந்தால் வாசலில் மேடம், கையில் பேனாவோடு.

"ஐயா, தயவுசெய்து எல்லாரும் அமைதியா வெளியே வாங்க" என்றேன், வகுப்பில் சொன்னபடியே.

"இன்னாம்மா, துன்றப்போ பேஜாரு பண்றே? குந்து, நீயும் ஒரு வாய் துன்னு" என்றார் பெரியவர். மீன்குழம்பு வாசனை வேறு.

மேடம் எழுத ஆரம்பித்தார். அப்பாவின் ஞாபகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருபவர், இரண்டாவது சங்கு கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளில் பாய்வார். சங்கு நிற்பதற்குள் உள்ளே போகாவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள்; அரை நாள் வேலை போய்விடும்.

"யோவ்! அது ரெண்டாவது சங்குய்யா! கேட்டு மூட்றான்!" என்று கத்தினேன்.

வார்டு காலி. காலையே ஊன்ற முடியவில்லை என்று விடிந்ததிலிருந்து முனகிய ஆள்தான் முதலில் போனார். பெரியவர் எச்சில் கையோடு, "ஓரம் போம்மா" என்று மேடத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். தெருவுக்கு வந்தபிறகு, எதற்கு ஓடி வந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அன்று வாங்கிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

மேடம் முதல்முறையாகக் கைக்குட்டையை இறக்கினார். "பதற்றமில்லாமன்னு சொன்னேனே" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல். தேறிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதை நடித்தே காட்டினேன். அம்மாவுக்குப் புரையேறியது. அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"கேட்டு மூட்றான்னா நாங்க உள்ள போவத்தானேம்மா ஓடுவோம். அவங்கள வெளிய இல்ல ஓட வுட்டுக்கீறே. அப்பால உள்ள வுட்டாங்களா?"

நடிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வுட்டாங்க நைனா. சோறு ஆறுறதுக்குள்ள எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

"அப்போ சரி" என்றார். எழுந்துபோய், நிதானமாக, விரல் விரலாகக் கை கழுவினார்.