திருமதி நான்

மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு. மாலை ஆறரை மணி. டீவியில் ஒரு ஆளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தேன். "இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா!" என்று சத்தமாக வேறு கேட்டேன்.

அந்த ஜென்மம் நான்தான் என்பது ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

பொறுங்கள்... முதலில் இருந்து வருகிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அந்த நிகழ்ச்சியை உங்களில் பாதிப் பேராவது பார்ப்பீர்கள். மூன்று நடிகர்கள். ஒரு மேசை, மூன்று கதிரை. வேறு ஒன்றும் கிடையாது, வசனம் உட்பட. நேயர்கள் அனுப்புகிற சூழ்நிலைகளைச் சீட்டில் எழுதி ஒரு பானைக்குள் போட்டு வைத்திருப்பார்கள். தொகுப்பாளர் ஒன்றை எடுத்து வாசிப்பார், மணி அடிப்பார். அவ்வளவுதான்! அந்த நொடியிலிருந்து நடிக்க வேண்டும். அடுத்து என்ன பேசப்போகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் ஞாயிறு ஆறு மணி அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கண்டி டவுனுக்கு மேலே, மேட்டில் வீடு. மழை பிடித்துக்கொண்டால் டிஷ் சொல்வழி கேட்காது. நடிகர்களின் முகம் கட்டம் கட்டமாக உடையும். நல்ல பகிடி வருகிற நேரமாகப் பார்த்துத்தான் உடையும். அந்த மாதிரி நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நன்றாகப் பேச மாட்டோம்.

பார்வையாளர்கள் மூன்று பேர். நான் ஒன்று. இரண்டாவது, கீழ் வீட்டில் குடியிருக்கும் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் வருவது ரசிக்க அல்ல. பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்க!

"உது முழுக்க முதலே பழகிப்போட்டுத்தான் வந்து செய்யினம். திடீரெண்டு ஆருக்கும் உப்பிடிக் கதை வராது. நம்பாதேங்கோ," என்பார். நாலு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, எங்கள் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே நம்பாமல் இருக்கிறார்.

மூன்றாவது பார்வையாளர், மேலிடம்.

மேலிடத்தை உங்களுக்குத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்... என் மனைவி. பதினொரு வருடமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் அந்தப் பெயரில்தான் நடமாட்டம். மேலிடம் உப்புப் போட மறந்தது, மேலிடம் த்ரீவீல்காரரோடு பேரம் பேசியது, மேலிடம் என் குடையைப் பஸ்ஸில் விட்டது — எல்லாம் எழுதியாகிவிட்டது. போன தீபாவளிக்கு பிலிமத்தலாவையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உடனே பக்கத்தில் பார்த்து, "அப்ப நீங்கதான் மேலிடமா? வாங்கம்மா, வாங்க! உக்காருங்க!" என்று கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுத்தின் சக்தி பார்த்தீர்களா! மேலிடம் லேசாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

நிகழ்ச்சியை மேலிடம் பார்க்கிற விதமே வேறு. எனக்கு அந்தக் குண்டு நடிகரைத்தான் பிடிக்கும். வாயைத் திறந்தால் அருவி. ஒரு நாள் அவரை நான் புகழ்ந்துகொண்டிருந்தபோது மேலிடம் சொன்னது:

"அவரு நல்லாப் பேசுவாரு. ஆனா அந்த நெட்டை ஆளுதாங்க நல்லாக் கேப்பாரு. அவரு கேக்குறதாலதான் இவரு பேச்சுக்குச் சிரிப்பு வருது."

நான் அப்போது அதையும் சரியாகக் கேட்கவில்லை.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு எது பிடிக்கிறது? யோசித்திருக்கிறீர்களா? எழுதி வைத்த நகைச்சுவையில் நடிகருக்கு எல்லாம் தெரியும், நாம்தான் காத்திருக்க வேண்டும். இதில் நடிகர் திணறுவார். ஒரு மூன்று நொடி... வாய் திறந்திருக்கும், வார்த்தை வராது, கண் அலையும். அந்த மூன்று நொடியும் நாமும் அவரோடு சேர்ந்து திணறுகிறோம். பிறகு எங்கிருந்தோ ஒரு வரி வந்து விழும் பாருங்கள், நாமே தப்பித்த மாதிரி இருக்கும்! காலையிலிருந்து மாலை வரை எல்லாரும் வசனம் இல்லாமல்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். நமக்கு யாரும் கை தட்டுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிறுக்கு ஆறு வாரம் முன்பு மேலிடத்துக்கு உடம்பு முடியவில்லை என்று டவுனில் வழக்கமான டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "என்னம்மா, எங்க வலி?" என்றார் டாக்டர். "முழங்கால் டாக்டர். இடது. எங்க வீட்டுல படி ஜாஸ்தி," என்றேன் நான். "எவ்வளவு நாளா?" "மூணு வாரமா." "ராத்திரி தூக்கம் எப்படி?" "அதெல்லாம் நல்லாத் தூங்குவா." பூசுகிற மருந்தும் முழங்காலுக்குப் போடுகிற உறையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

உறை அலுமாரிக்குள் போனது. பிறகுதான் தெரிந்தது, வலி வலது தோளில்! முழங்கால் வலி போன வருடத்துச் சமாச்சாரம்.

இதை நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே பத்தியாக எழுதினேன். 'வீட்டில் பாராளுமன்றம் நடத்தும் மேலிடம், டாக்டரைக் கண்டால் வாய் பேசாத பிள்ளையாகிவிடுகிறது' என்று. புசல்லாவையிலிருந்து ஒரு வாசகர், தன் வீட்டிலும் இதே கதைதான், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மேலிடத்துக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இப்போது அந்த ஞாயிறு.

மாஸ்டர் தன் கதிரையில். மழை இல்லை, படம் பளிச்சென்று. மேலிடம் அடுப்படியில் இரண்டாம் தட்டு வடை சுட்டுக்கொண்டிருந்தது. தொகுப்பாளர் சீட்டை எடுத்து வாசித்தார்: "மனைவிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் மனைவியைக் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்கிறார்."

மணி.

நெட்டை நடிகர் டாக்டராகிக் கதிரையில் உட்கார்ந்தார். குண்டு நடிகர், மனைவியாக வந்த நடிகையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உங்க பேர் என்னம்மா?"

நடிகை வாயைத் திறந்தார். அதற்குள் குண்டு நடிகர் பாய்ந்தார். "இவங்க பேரு..."

நின்றார். ஒரு நொடி. இரண்டு நொடி. மனிதருக்குப் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. நெட்டை நடிகரோ அவசரப்படவே இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தார். குண்டு நடிகருக்கு வேர்த்தது. கடைசியில் சொன்னார்:

"'திருமதி நான்'னு போட்டுக்குங்க டாக்டர்."

அரங்கம் இடிந்தது! நான் கதிரையோடு குலுங்கினேன். மாஸ்டர் கூடத் தன் கொள்கையை மறந்து தொடையில் தட்டினார்.

"எங்கம்மா வலி?" நடிகை தோளைத் தொட்டுக் காட்டினார். கணவர் அந்தக் கையை இழுத்து முழங்காலில் வைத்தார். "முழங்கால் டாக்டர்." மறுபடி தோள். மறுபடி முழங்கால். என் கண்ணில் தண்ணீர் வந்தது இந்த இடத்தில்தான். ஜென்மத்தைப் பற்றிக் கேட்டதும் இந்த இடத்தில்தான். கடைசியில் டாக்டர் எழுந்து ஊசியை எடுத்தார். "பதில் எல்லாம் நீங்க சொன்னீங்க இல்ல? ஊசியும் உங்களுக்குத்தான், திரும்புங்க!"

கைதட்டல் ஓய்ந்ததும் தொகுப்பாளர் சீட்டைத் திருப்பினார். "இதை அனுப்பினவங்க இலங்கை, கண்டியிலேருந்து..." என்று ஒரு பெண்ணின் பெயரை, முழுப் பெயரை, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

அது என் மனைவியின் பெயர்.

திரும்பினேன். வடைத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்று கூட அவ்வளவு பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மாஸ்டர் என் பக்கம் குனிந்தார். "ஆர் உந்த மனுசி? கண்டியில எவடத்தில இருக்கிறாவாம்? உங்களுக்குத் தெரியுமோ?"

நாலு வருடமாக அவள் கையால் வடை சாப்பிடுகிற மனிதர்! அவருக்கு அவள் 'தங்கச்சி'. என் பத்தியை விடாமல் வாசிக்கிறவர் வேறு, அதில் அவள் மேலிடம். பெயரை அவர் எங்கே கேட்டிருப்பார்?

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவன் நான். அன்று அவளே சொன்னாள்:

"யாரோ தெரியல மாஸ்டர். டீ ஆறுது, குடிங்க."

மாஸ்டர் இறங்கிப் போனதும் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே. பத்தி எழுத்தாளன் இல்லையா? மானம் கடல் தாண்டிப் போய்விட்டதே!

"எப்பயிருந்து அனுப்புற?"

"ஆறு மாசமா. இது இருபதாவதோ என்னமோ."

"மத்ததெல்லாம் என்ன?"

"எல்லாம் நீங்கதான்."

"என்னை இப்படி ஊர் சிரிக்க வைக்கலாமா?"

"நீங்க பதினோரு வருஷமா எழுதுறீங்க. நான் ஒரு நாளுதானே..." என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கவனம் வேறெங்கோ இருந்தது. போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுத்தாள்.

"யாரு, பிள்ளைங்க கூப்பிடணுமா?"

"அவங்க ஊருல அந்தச் சேனல் வராதே. இல்லைங்க... பேரை அவ்வளவு தெளிவாச் சொன்னாங்கள்ல? கண்டின்னும் சொன்னாங்க. யாருமே போன் பண்ணலையே."

எனக்கு அதற்குப் பிறகு கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. யார் பண்ணுவார்கள்? பிலிமத்தலாவைக் கடைக்காரர் பார்த்திருப்பார். புசல்லாவை வாசகர் பார்த்திருப்பார். 'யாரோ கண்டிக்காரம்மா' என்று சிரித்துவிட்டு டீவியை நிறுத்தியிருப்பார்கள். அவளைத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். பெயர் தெரிந்தவர்கள்? அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு கைதட்டல், கொண்டுவந்து கொடுக்க விலாசம் இல்லாமல் போய்விட்டது. விலாசத்தை அழித்தவன் நான். அந்தக் குண்டு நடிகராவது பெயரைத் தேடி மூன்று நொடி திணறினார்!

புதன்கிழமை மறுபடி டாக்டரிடம் போனோம். நம்பர் கொடுக்கும் பெண் பழைய அட்டையை எடுத்தாள். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'திருமதி' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்! என் கையெழுத்திலேயே, நானே எப்போதோ நிரப்பிக் கொடுத்தது.

"புது அட்டை ஒண்ணு போடுங்க," என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க ஐயா."

"பரவாயில்லை. இவங்களையே கேட்டு எழுதுங்க."

உள்ளே போனோம். "எங்கம்மா வலி?" என்று கேட்ட டாக்டர், பழக்க தோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார்! நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். நாக்கு உள்ளே துடிக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு நொடி... இரண்டு நொடி... அந்த நெட்டை நடிகர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது நொடியில் அவள் பேச ஆரம்பித்தாள். தோள். கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது, இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. எனக்குத் தெரியாத சங்கதிகள்! பக்கத்துக் கட்டிலில்தான் நான் படுக்கிறேன். பத்து நிமிடம் பேசினாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அப்ப முழங்கால்?" என்று கேட்டார் கடைசியில்.

"அது இவரு சொன்னது டாக்டர். அவருகிட்டயே கேளுங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பு வெளியே நம்பர் எடுத்துக்கொண்டு இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஊசி போடவில்லை. அந்த மட்டில் தப்பித்தேன்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் அவள் அடுத்த சூழ்நிலையை யோசித்துக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். நான் நடந்துகொள்வதைப் பொறுத்ததாம்!

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து, நிதானமாக வாசித்தாள். டாக்டரிடம் பேசியது பத்து நிமிடம் இல்லை, மூன்று நிமிடம்தான் என்றாள். உங்களுக்கு எது உண்மையாகப் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு நிபந்தனை போட்டாள். மாஸ்டருக்கு நான் எதுவும் சொல்லக்கூடாது, அவர் இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரியை அவள்தான் எழுதுவாள், நான் அதில் கை வைக்கக்கூடாது.

வைக்கவில்லை. இதோ:

'தோள் இப்போது பரவாயில்லை. என் பெயர் மரகதவல்லி — மாஸ்டர், உங்களுக்கும் சேர்த்துத்தான்.'