ஐந்தாவது முடிச்சு

நர்சரி அட்மிஷனில் என் மகளுக்கு எத்தனை எழுத்து தெரியும் என்று கேட்டார்கள். எரிச்சலாக வந்தது. என் பால்வாடியில் எழுத்தே கிடையாது, ஒரு கயிறுதான் இருந்தது.

கை கழுவ எங்களைத் தாராவி சந்து வழியாகக் குழாயடிக்குக் கூட்டிப்போகும்போது டீச்சர் அதை எடுப்பார். முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. ஐந்தாவது முடிச்சு என்னுடையது. கைவண்டி வந்தால் சுவரோரம் ஒட்டிக்கொள்வோம். முடிச்சை மட்டும் விடமாட்டோம்.

"கயிறு புடிச்சு நடக்கதுக்கா பிள்ளைய அனுப்புதேன்? அந்த டீச்சர் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல" என்று அம்மா அப்பாவிடம் பொருமுவாள்.

ஒன்றாம் வகுப்பின் முதல் நாள், பள்ளி வாசலில் பிள்ளைகள் அம்மாக்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு, வரிசையில் நாலு பேரை எண்ணி, அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். கயிறு இல்லை, ஆனாலும் இடது கையை இறுக மூடிக்கொண்டேன். வரிசை நகர்ந்தது, நானும் உள்ளே போனேன்.

சாயங்காலம் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா வந்ததும் சொன்னாள்: "ஒரு வாட்டி திரும்பிக்கூடப் பாக்கல. அந்த டீச்சர் என்னத்தச் சொல்லிக் குடுத்தாளோ."